ஒரு கவசமும் பதினொரு குறிப்புகளும்

கொட்டாஞ்சேனையில் எங்கள் அம்மப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த வீட்டைக் கடந்த ஆண்டு காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அறை மூலையில் கிடந்த றங்குப் பெட்டியைத் திறந்தபோது, மடித்து வைத்த வேட்டிகளுக்கும் பழைய பஞ்சாங்கங்களுக்கும் அடியில் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. முதல் நான்கு பக்கங்களில் கந்தசஷ்டி கவசம் முழுவதையும் அவர் தம் கையால், சந்தி பிரித்து, மூச்சு விட வேண்டிய இடங்களில் சிறு கோடு இட்டு எழுதியிருந்தார். அதற்கு அடுத்த பக்கத்தில் பதினொரு குறிப்புகள் இருந்தன. நீல மையில் சில, கறுப்பு மையில் சில, கடைசி இரண்டு பென்சிலில். ஒரே நாளில் எழுதியவை அல்ல என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

குறிப்புகள் மிகச் சுருக்கமானவை. பிள்ளை பயந்து அழுதால் தண்ணீரில் மூன்று உரு, மிச்சத்தை வாசலில் ஊற்று என்றது ஒன்று. கவசத்தை ஒருமுறை முழுதாக ஓதுவது ஓர் உரு. காய்ச்சலுக்குத் திருநீறு, ஏழு உரு. பிரயாணத்துக்கு வாசற்படி தாண்டுமுன் ஒரு உரு. பிள்ளைத்தாய்ச்சிக்கு நூல், ஆறு முடிச்சு. கடை திறப்புக்கு எலுமிச்சம்பழம். பரீட்சைக்குப் பிள்ளையையே ஓதச் செய், நீ ஓதாதே. பாம்புக்கடிக்கு ஓது, ஆனால் வைத்தியசாலைக்குப் போகும் வழியில் ஓது. வீட்டில் ஏதோ புதைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு வருபவர்களுக்கு நான்கு மூலையிலும் ஓதித் தண்ணீர் தெளி. இப்படிப் பத்துக் குறிப்புகள். பதினோராவது குறிப்பு மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

அம்மப்பா துறைமுகத்தில் கிளாக்கராக வேலை பார்த்தவர். பின்னேரங்களில் அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். திருநீறு போடவும் நூல் கட்டவும் நாவூறு கழிக்கவும் தமிழர் மட்டுமல்லர், அதே ஒழுங்கையில் குடியிருந்த சிங்களவரும் முஸ்லிம்களும் வந்ததை நான் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறேன். பணம் வாங்கமாட்டார். வெற்றிலையும் பழமும் கொண்டு வந்தால் சாமி படத்தின் முன் வைக்கச் சொல்வார். பதினாறு வயதில் எனக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. யார் என்ன குறையோடு வந்தாலும் இவர் வாயிலிருந்து வருவது ஒரே கவசம்தானே, காய்ச்சலுக்கும் கடை திறப்புக்கும் ஒரே சொற்கள் எப்படிப் பொருந்தும், உண்மையாகவே வேலை தெரிந்தவராக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மந்திரம் வைத்திருக்க மாட்டாரா என்று நினைத்தேன். அவரிடம் கேட்டும் விட்டேன். "மந்திரம் ஒண்டுதான் தம்பி. கேக்கிற ஆள்தான் வேற" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதில் எனக்கு அப்போது போதவில்லை.

அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு பிழை தேவைப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் என் மச்சாள், கலியாணப் பேச்சுகள் தொடர்ந்து குழம்பிய வருத்தத்தில் ஒருவரிடம் போயிருக்கிறாள். அவர் கணிசமான தொகையை வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை ஒட்டிய ஒரு தாளைக் கொடுத்து, இது உங்கள் சாதகத்துக்கென்றே எடுத்த தனி மந்திரம், வேறு எவருக்கும் காட்டாதீர்கள், நாற்பத்தெட்டு நாள் நூற்றெட்டு முறை சொல்லுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். பத்தொன்பதாம் நாள் அவள் அதை என்னிடம் காட்டினாள். தாளில் இருந்தது மிருத்யுஞ்சய மந்திரம். த்ர்யம்பகம் யஜாமஹே என்று தொடங்கும், கொழும்பில் எந்தக் கோயிலிலும் ஆயுள் ஹோமத்துக்குச் சொல்லப்படும், எல்லாருக்கும் தெரிந்த அதே மந்திரம். எனக்குக் கோபம் வந்தது. மரணத்தை விலக்கும் மந்திரத்தைக் கலியாணத்துக்குச் சொல்லச் சொன்னவனுக்கு மந்திரம் என்றால் என்னவென்றே தெரியாது, இதை நிறுத்திவிடு என்றேன். அவள் நிறுத்தினாள்.

பல மாதங்களுக்குப் பிறகு, வேறொரு காரணத்துக்காக யசுர்வேதத்தின் வாஜசனேயி சங்கிதையைப் புரட்டியபோது என் கை அப்படியே நின்றது. அதன் மூன்றாம் அத்தியாயத்தின் அறுபதாம் இடத்தில் இந்த மந்திரம் ஒரு முறை அல்ல, இரண்டு முறை வருகிறது. முதல் வடிவம் நாம் அறிந்தது. வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து விடுபடுவது போல நான் மரணத்திலிருந்து விடுபடுவேனாக, அமுதத்திலிருந்து அல்ல என்பது அதன் கருத்து. இருக்குவேதத்தில் இது ஏழாம் மண்டலத்தின் ஐம்பத்தொன்பதாம் சூக்தத்தில், மருத்துக்களைப் பாடும் பாடல்களின் கடைசியில் நிற்கிறது. இரண்டாவது வடிவத்தில் சில சொற்கள் மட்டும் மாறுகின்றன. புஷ்டிவர்த்தனம் என்ற இடத்தில் பதிவேதனம், அதாவது கணவனைத் தேடித் தருபவன், என்ற சொல் வருகிறது. மரணத்திலிருந்து என்ற இடத்தில் இங்கிருந்து என்றும், அமுதத்திலிருந்து அல்ல என்ற இடத்தில் அங்கிருந்து அல்ல என்றும் வருகின்றன. இங்கு என்பது பிறந்த வீடு. அங்கு என்பது கணவன் வீடு. பருவ வேள்விகளில் ஒன்றான சாகமேதத்தின் முடிவில், நாற்சந்தியில் உருத்திரனுக்கு அவி இடும்போது, கலியாணமாகாத பெண்களும் நெருப்பைச் சுற்றி வரவேண்டும் என்று சதபத பிராமணம் விதிக்கிறது. அந்தப் பெண்கள் சொல்வதற்கான வடிவம் இது.

ஆகவே மரணத்துக்கென்று நான் உறுதியாக நம்பிய மந்திரத்துக்கு, வேத காலத்திலேயே, அதே வேள்வியிலேயே, கலியாண வேண்டுதல் என்ற இன்னொரு வேலை இருந்தது. வெள்ளரிப்பழம் மாறவில்லை, காம்பும் மாறவில்லை. எதிலிருந்து விடுபடுவது என்பதுதான் மாறியது. நான் மச்சாளிடம் போய், நான் சொன்னது பிழை, விரும்பினால் மீண்டும் தொடங்கு என்று சொன்னேன். அவள் முதல் நாளிலிருந்து தொடங்கினாள். அதற்கு மேல் அது அவளுடைய சொந்த விடயம்.

அந்தத் தாளைக் கொடுத்தவர் செய்ததை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் செய்த குற்றம் நான் நினைத்தது அல்ல. ஒரு மந்திரத்தை இன்னொரு தேவைக்குப் பயன்படுத்தியதில் பிழை இல்லை. எல்லாருக்கும் உரிய ஒன்றை, உனக்கென்று மட்டும் எடுத்தது என்று மறைத்து விற்றதுதான் பிழை.

இந்த மறுபயன்பாட்டுக்கு நம் மரபில் பெயரே உண்டு. மந்திர சாத்திரத்தில் ஒவ்வொரு செபத்துக்கும் முன்னால் இருடி, சந்தம், தேவதை, பீசம், சக்தி, கீலகம் ஆகியவற்றைச் சொல்லி, கடைசியில் இன்ன காரியத்துக்காக செபத்தில் விநியோகம் என்று முடிப்பார்கள். விநியோகம் என்றால் ஈடுபடுத்துதல், ஒரு வேலையில் பொருத்துதல். மந்திரத்துக்குள் அந்தக் காரியம் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை மரபே அறிந்திருந்தது என்பதற்கு இந்த ஒரு சொல் போதும். சௌனகர் பெயரில் வழங்கும் ருக்விதானம் என்ற நூல் முழுவதும் இதுதான். வேள்விச் சாலையில் தேவர்களை அழைப்பதற்குரிய இருக்குவேதப் பாடல்களை எடுத்து, நோய்க்கு இது, பகைக்கு இது, பிள்ளைப்பேற்றுக்கு இது என்று வீட்டுக்கும் வயலுக்கும் அது பொருத்திக் கொடுக்கிறது. அதர்வவேதத்துக்குக் கௌசிக சூத்திரம் செய்வதும் அதுவே. கோயிலில் நாம் செய்விக்கும் அருச்சனை இதன் எளிய வடிவம். நூற்றெட்டு நாமங்கள் எல்லாருக்கும் ஒன்றே. பெயரும் நட்சத்திரமும் மட்டும் மாறுகின்றன. கொச்சிக்கடையில், பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் மீளக் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று பார்த்தால் தெரியும். முன்னால் நிற்பவருக்கு விசா, அடுத்தவருக்குப் பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி, அதற்கடுத்தவருக்கு நீரிழிவு. ஐயர் சொல்லும் நாமாவளியில் ஓரெழுத்தும் மாறுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அது நடைமுறை சார்ந்தது, வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது. மந்திரத்தைப் பயன்படுத்துவதற்கு முன் அதை உருவேற்ற வேண்டும். எழுத்து ஒன்றுக்கு ஓரிலட்சம் என்று கணக்கு வைத்தால், ஐந்தெழுத்துக்கு ஐந்து இலட்சம் செபம். அதில் பத்தில் ஒரு பங்காக ஐம்பதாயிரம் ஆகுதி, அதில் பத்தில் ஒரு பங்காக ஐயாயிரம் தர்ப்பணம், பிறகு ஐந்நூறு முறை மார்ச்சனம் என்ற நீர் தெளிப்பு, ஐம்பது பேருக்கு அன்னம். புரச்சரணம் என்ற இந்தக் கடனைத் தீர்த்தவருக்குத்தான் பிரயோகம் செய்யும் உரிமை. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் எத்தனை மந்திரங்களுக்கு இப்படிச் செய்ய முடியும்? அம்மப்பா கந்தசஷ்டி ஆறு நாளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நாளொன்றுக்கு முப்பத்தாறு உரு ஓதுவார். நிதானமாக ஓதினால் ஒரு உருவுக்கு ஏறக்குறைய இருபது நிமிடங்கள் ஆகும். முப்பத்தாறுக்குப் பன்னிரண்டு மணித்தியாலங்கள். விடியுமுன் தொடங்கி, பின்னேரம் குரல் உடைந்து வெறும் மூச்சாக வரும்வரை அவர் அந்தப் பாயில் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அப்படி நாற்பது ஆண்டு ஏற்றிய ஒன்றை வைத்துக்கொண்டு, காய்ச்சலுக்கென்று புதிதாக இன்னொன்றை அவர் ஏன் தேடவேண்டும்?

கவசமும் அதற்கு இடம் கொடுத்தே அமைக்கப்பட்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தேவராய சுவாமிகள், தீராத வயிற்றுவலியோடு திருச்செந்தூருக்குப் போனபோது இதைப் பாடினார் என்பது செவிவழி வரலாறு. ஒரு வயிற்றுவலியில் தொடங்கிய நூல், தேளையும் பாம்பையும் பூரானையும், வலிப்பையும் சூலையையும், சிரங்கையும், பில்லி சூனியத்தையும், பூனை மயிரும் பிள்ளைகள் என்பும் மனையில் புதைத்த வஞ்சனையையும் பெயர் சொல்லி அழைத்து விலக்குகிறது. முடிவில், நாளொன்றுக்கு முப்பத்தாறு உருச் செபித்து நீறணிந்தால் எட்டுத் திக்கும் வசமாகும், பகைவர் வணங்குவர், நவகோள்கள் நன்மை அளிக்கும், அழகும் இளமையும் கிட்டும் என்று பயன்களை அடுக்குகிறது. தொடக்கத்தில் சரவணபவ என்ற ஆறெழுத்து ஒவ்வோர் எழுத்தாகச் சுழற்றி வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்தவர்களுக்கு இன்னும் ஒன்று புலப்படும். மாந்திரீகப் புத்தகங்களில் இந்த ஆறெழுத்தின் ஒவ்வொரு சுழற்சியும் ஒவ்வொரு கருமத்துக்கு உரியதாக, ஒன்று வசியத்துக்கு, ஒன்று பொருளுக்கு, ஒன்று பிணி தீர, ஒன்று பகை ஒடுங்க என்று கொடுக்கப்படுகிறது. எது எதற்கு என்பதில் புத்தகங்கள் எல்லாம் ஒத்துப்போவதில்லை. எழுத்துகள் அவையேதான், வரிசைதான் வேறு. ஐந்தெழுத்தையும் இப்படியே மாற்றி மாற்றிச் சக்கரத்தில் அடைப்பதைத் திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் காணலாம்.

தேவாரத்துக்கும் இதே கதிதான், அதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. மதுரைக்குப் புறப்படும்போது நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்த வேளையில் சம்பந்தர் மறைக்காட்டில் பாடியது கோளறு பதிகம். இன்று சனிப்பெயர்ச்சிக்கும் வாகனம் வாங்குவதற்கும் ஓதப்படுகிறது. பாண்டியனின் வெப்புநோய்க்குப் பாடிய திருநீற்றுப் பதிகத்தைத் திருநீறு பூசும் எந்த நோயாளிக்கும் ஓதுகிறோம். இவற்றிலெல்லாம் நோயும் நோயும், பயமும் பயமும் ஒன்றையொன்று ஓரளவாவது ஒத்திருக்கின்றன. ஆனால் பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் செய்தது அதனினும் துணிச்சலானது. பிள்ளையில்லாத அவர் தம் குருவிடம் போக, குரு திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தார். கயிறு நின்ற இடத்தில் இருந்தது திருவெண்காட்டுப் பதிகத்தின் பேயடையா என்று தொடங்கும் பாடல். அதில் பிள்ளையினோடு உள்ளம் நினைவாயினவே வரம்பெறுவர் என்று வருகிறது. அவரும் மனைவியும் வெண்காட்டுக்குப் போய் முக்குளத்தில் நீராடி வழிபட்டார்கள். பிறந்த பிள்ளை பின்னாளில் சைவ சித்தாந்த குருவான மெய்கண்டார் ஆனார். ஊர் ஊராகப் பாடி வைத்த துதிப் பாடல்கள், அந்த ஏட்டின் நடுவே ஒரு கயிறு நுழைந்தவுடன் குறி சொல்லும் நூலாகிவிட்டன. இதைச் செய்தவர்கள் சைவ சித்தாந்தத்தின் சந்தானம் என்ற குரு மரபைச் சேர்ந்த பெரியவர்கள் என்பதை, பதிகத்தைப் பரிகாரத்துக்குப் பாடுவது மூடத்தனம் என்று சொல்பவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இது சைவர்களின் வழக்கம் மட்டுமல்ல என்பது தெரிந்ததே. எங்கள் மேல்மாடிச் சிங்களக் குடும்பத்தினர் புதிதாகக் குடிவந்தபோது பிரித் என்ற பௌத்தக் காப்பு ஓதுவித்தார்கள். தகப்பன் இறந்து மூன்றாம் மாதம் ஓதுவித்தார்கள். மகள் கர்ப்பமாக இருந்தபோதும் ஓதுவித்தார்கள். மூன்று முறையும் மங்கள சூத்திரமும் இரத்தின சூத்திரமும் கரணீய மெத்த சூத்திரமும் கேட்டன. இரத்தின சூத்திரம், வைசாலி நகரைப் பஞ்சமும் நோயும் அமானுடரும் வாட்டியபோது ஓதப்பட்டது என்று பௌத்த உரைகள் சொல்கின்றன. மகளுக்காக மட்டும் கூடுதலாக அங்குலிமாலப் பிரித் சேர்ந்தது. பிறவி எடுத்தது முதல் நான் அறிந்து எவ்வுயிரையும் கொன்றதில்லை, இந்த உண்மையால் உனக்கும் கருவுக்கும் நலமுண்டாகுக என்று, துறவியாகிப் புதுப்பிறவி எடுத்த அங்குலிமாலர் பிரசவ வேதனையில் கிடந்த ஒருத்திக்குச் சொன்ன சொல் அது. அவர் அன்று சொன்னது ஒரு பெண்ணுக்கு; இன்று அது எல்லாப் பெண்களுக்கும். பின்வீட்டு முஸ்லிம் தாத்தா பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுப்பது அல்ஃபாத்திஹா. ஐவேளைத் தொழுகையில் ரக்அத் என்ற ஒவ்வொரு சுற்றிலும் ஓதப்படும் குர்ஆன் அத்தியாயம் அது. விஷக்கடிக்கும் அதையே ஓதிக் குணப்படுத்திய நபித்தோழரைப் பற்றி ஹதீஸில் உண்டு.

நம் நாட்டில் பிறந்த தமிழரான மானிடவியலாளர் எஸ். ஜே. தம்பையா, சிங்களவரின் குணமாக்கும் சடங்குகளையும் சேர்த்துப் பார்த்து, மந்திரச் சொல்லின் வலிமை குறித்து 1968இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சடங்கில் சொல்லைத் தனியே எடுத்து ஆராயக் கூடாது, சொல்லும் செயலும் பொருளும் ஒன்றாகவே இயங்குகின்றன என்பது அவர் வாதத்தின் முக்கியமான பகுதி. அதைப் படித்த பிறகுதான் கொப்பியின் குறிப்புகளை நான் சரியாகப் படித்தேன். கவசத்தை எழுதிய நான்கு பக்கங்களில் ஒரு திருத்தமும் இல்லை. குறிப்புகள் மாற்றுவது தண்ணீரா, திருநீறா, நூலா, எலுமிச்சையா என்பதை. யார் ஓதுவது, எங்கே நின்று ஓதுவது, மிச்சத்தை எங்கே ஊற்றுவது என்பதை. பயந்த பிள்ளையின் பயம் தண்ணீரோடு வாசலுக்கு வெளியே போகிறது. பிள்ளைத்தாய்ச்சியின் கரு நூலால் கட்டி நிறுத்தப்படுகிறது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கோ பொருளே இல்லை, அவன் வாயே பொருள்.

தூர தேசத்து உதாரணம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது மறுபக்கத்தைக் காட்டுகிறது. எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட மந்திரப் பாப்பிரசுகளில் ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1852இல் சார்ள்ஸ் விக்ளிஃப் குட்வின் என்பவர் அதை அச்சிட்டார். அதில் தலையற்றவன் என்று ஒரு தெய்வத்தை அழைக்கும் சடங்கு இருக்கிறது. பேய் பிடித்த ஒருவரை விடுவிப்பது அதன் நோக்கம். இன்னாரை, அவரைப் பிடித்திருக்கும் ஆவியிலிருந்து விடுவி என்று அது வேண்டுகிறது. அந்த இன்னார் என்ற இடத்தில் நோயாளியின் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும். 1904இல் சாலமோன் அரசன் பெயரில் வழங்கும் ஆவி அழைக்கும் நூலொன்றை ஆங்கிலேய மாந்திரீகர் அலெய்ஸ்டர் குரோலி வெளியிட்டபோது, அதே சடங்கு நூலின் முன்னால் ஓர் ஆரம்ப அழைப்பாக வைக்கப்பட்டது. ஆவியை விரட்ட எழுதியது ஆவிகளை அழைப்பதற்கு முன்னுரையாகிவிட்டது. சொற்கள் பெரும்பாலும் அவையே. ஆனால் நடுவில் கிடந்து வருந்திய அந்த இன்னார் காணாமற் போய்விட்டார். ஓதுபவர் மட்டுமே மிச்சம்.

இந்த இன்னார்தான் எனக்கு முழு விடயத்தின் திறவுகோலாகத் தெரிகிறது. நம் காப்புப் பாடல்கள் பெரும்பாலும் தன்மையில் இருக்கின்றன. அடியேன் வதனம் அழகுவேல் காக்க என்கிறது கவசம். மிருத்யுஞ்சயத்தில் வணங்குவது நாம், விடுபடுவது நான். அந்த நானுக்குள் எவரும் நுழையலாம். நோயாளியும் நுழையலாம், கலியாணமாகாத பெண்ணும் நுழையலாம், பரீட்சை எழுதும் பிள்ளையும் நுழையலாம். ஒரு நூல் இத்தனை தேவைகளுக்கு உதவுவது அந்த வாசல் திறந்திருப்பதால்தான். பிறருக்காக ஓதுபவர் தம் நானை அவருக்கு இரவல் கொடுக்கிறார். கொப்பியில் இது குறித்து ஒரே ஒரு பொதுவிதி இருக்கிறது: பிறருக்கு ஓதும்போது சொல்லை மாற்றாதே, கையை அவர் தலையில் வை. வசியத்துக்கும் மாரணத்துக்கும் உரிய மந்திரங்களிலோ, நான் பார்த்த அளவில், அமுகம் என்ற வெற்றிடம் நிற்கிறது. இன்னானை வசப்படுத்து, இன்னானை அழி. அங்கே பெயர் போடப்படுபவர் எதையும் கேட்டு வந்தவர் அல்லர். தம் பெயர் சொல்லப்படுவதையே அறியாதவர்.

இனிப் பதினோராவது குறிப்பு. செட்டியார் தெருவில் தமையனோடு கூட்டுக்கு நகைக்கடை வைத்திருந்த ஒருவர், பங்குப் பிணக்கு வழக்குக்குப் போன நாட்களில் அம்மப்பாவிடம் தொடர்ந்து வந்தார். கவசத்தில் குத்து குத்து கூர்வடி வேலால் என்று வரும் பகுதி உண்டல்லவா, அதை மட்டும் பிரித்தெடுத்து, தமையன் பெயரைச் சேர்த்து, எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தி ஓதித் தரச் சொன்னார். அம்மப்பா உடனே மறுக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம் தருவது. கொப்பியில் வழக்கு என்று பென்சிலில் எழுதி, எலுமிச்சை என்று எழுதி, ஒரு எண்ணும் எழுதியிருக்கிறார். பிறகு கடதாசி கிழியுமளவு அழுத்தி அடித்து, பக்கத்தில் கூடாது என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், வெட்டி எடுத்தது கவசம் ஆகாது.

அந்த மனிதருக்கு அவர் என்ன சொன்னார் என்பது அம்மாவுக்கு நினைவிருக்கிறது. கவசம் முழுவதையும் நீயே உனக்காக முப்பத்தாறு உரு ஓதிவிட்டு வா, பிறகு கதைப்போம் என்று சொல்லி அனுப்பினாராம். அவர் திரும்பி வரவில்லை. ஓதினாரா, வேறு ஒருவரிடம் போனாரா என்று எவருக்கும் தெரியாது. நூலில் அந்தக் குத்து இருக்கிறதே, அதை ஏன் மறுக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நானே வாதாடியிருப்பேன். இருக்கிறது, ஆனால் அது பேய்க்கும் பிணிக்கும் நடுவில், காக்க என்று வேண்டும் ஒருவனின் உடம்பைச் சுற்றி நிற்கிறது. அந்த உடம்பை எடுத்துவிட்டு வேலாயுதத்தை மட்டும் தமையன் பக்கம் திருப்புவதை மறுபயன்பாடு என்று என்னால் ஏற்க முடியாது.

சென்ற மாசியில் அம்மாவுக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்தது. காலையில் அவரை உள்ளே கொண்டுபோகுமுன், தாதி அவரது தாலியையும் இரண்டு காப்புகளையும் கழற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார். மேல்மாடி அம்மையார் முதல் நாள் வந்து கட்டிய பிரித் நூலை மட்டும், சிறு பிளாஸ்டரால் ஒட்டி, அவர் மணிக்கட்டிலேயே விட்டுவிட்டார்கள். தலையில் கை வைக்க வழியில்லை. ஆகவே மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்து, அந்தத் துணிப் பொட்டலத்தின் மேல் கையை வைத்து, அம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி ஓதத் தொடங்கினேன். கவசத்தின் எந்த இடத்திலும் சத்திரசிகிச்சை என்ற சொல் இல்லை. மார்பைக் காக்க என்று வருகிறது, அது போதுமாக இருந்தது. மூன்றாவது உருவின் நடுவே மருத்துவர் வெளியே வந்து என்னை அழைத்ததால் விட்ட இடத்தில் விட்டு எழுந்தேன்.

இரவு அவசர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். விட்ட உருவை முதலிலிருந்தே தொடங்கி, குரலை அடக்கி, அவர் நெற்றியில் கை வைத்து ஓதினேன். கண் மூடியே இருந்தது. அடியேன் வதனம் என்ற இடத்தில் நான் மூச்சு வாங்க நின்றபோது, ஒட்சிசன் மூடிக்குள் அவர் உதடுகள் அசைந்தன. அழகுவேல் காக்க என்பதை அவரே சொல்லி முடித்தார்.